பங்கஜம் சொல்லாத பேர்

பங்கஜத்தை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். தி.நகரில் எங்கள் அடுக்குமாடியில் அவள் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஞாயிறானால் சாந்தோம் கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவள். அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, பாத்திரக்கடைக்காரர் மனைவியாகவே வயதானவள். ஒத்துப்போக எங்களுக்குள் ஒரு விஷயமும் கிடையாது. மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது அவள் பேசுவாள், நான் சிடுசிடுப்பேன். அப்படியே சிநேகிதமாகிவிட்டோம்.

அவள் வீட்டுக்காரர் பெயர் சண்முகசுந்தரம். அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. கூரியர்காரன் வந்து கேட்டால்கூட, "முருகன் பேருப்பா, போர்டுல பாத்துக்க" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன், சொன்னா நாக்கு வெந்துடுமா?"

"பழக்கமில்ல டீச்சர். 'ஏங்க'ன்னா திரும்பப் போறாரு. பேரு எதுக்கு?" என்று சிரிப்பாள்.

கொஞ்ச காலமாக அவருக்கு மறதி. முதலில் சாவி, பிறகு கடைக்குப் போகும் வழி, பிறகு பேரப்பிள்ளைகள். மகன் ஹரி கடையைப் பார்த்துக்கொண்டான், அப்பா வீட்டோடு ஆனார். ஹரி வந்ததும், "அப்பா தூங்கிட்டாரா?" என்று கேட்பான். தூங்கிவிட்டார் என்றால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அவனையும் குறை சொல்வதற்கில்லை, பார்க்கச் சகிக்காமல்தான் ஓடினான். பகல் முழுக்க பங்கஜம் அந்த மனிதரோடு தனியாகக் கிடந்தாள். நான் தனிக்கட்டை, பேச ஆளில்லை என்பது எனக்குப் பழகிப்போன சங்கதி. பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருந்தும் பேச ஆளில்லாமல் போவது அதைவிடக் கொடுமை.

"யாரை மறந்தாலும் நான் கூப்பிட்டாத் திரும்புறாரு டீச்சர். எனக்கு அது போதும்" என்று அடிக்கடி சொல்வாள். அந்த ஒன்றும் போய்விடக் கூடாதே என்று நானும் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

நடமாட்டம் இருக்கும்போதே எங்காவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொன்னார். உடனே பினாங்குக்கு டூர் பதிவு செய்துவிட்டாள். சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போய், போகிற இடத்திலெல்லாம் சாம்பார் சாதம் போடுகிற டூர். "நீங்களும் வாங்க. அவரைப் பாத்துக்க இன்னொரு ஜோடிக் கண்ணு வேணும்" என்றாள். முனகிக்கொண்டே கிளம்பினேன். பினாங்கில் ஏறிய பஸ் நிறைய நங்கநல்லூர், மயிலாப்பூர் தம்பதிகள். ஒற்றை ஆள் நான் ஒருத்திதான்.

அங்கே ஒரு சீன வியாபாரி முன்னொரு காலத்தில் கட்டிய வீட்டுக்குப் போனோம். வீடா அது! ஒரு முற்றம் தாண்டினால் இன்னொரு முற்றம், ஒரு கூடம் தாண்டினால் இன்னொரு கூடம். கூடங்களுக்கு நடுவே சுவருக்குப் பதில் மரத்தட்டிகள். கொக்கு, மான், பூங்கொடி என்று மரத்தைக் குடைந்து எடுத்திருந்தார்கள். ஓட்டை வழியே அடுத்த கூடத்தில் நடமாடுகிறவர்கள் தெரிந்தார்கள். சண்முகசுந்தரம் ஒரு கொக்கின் இறகை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"இதச் செஞ்சவன் அவசரப்படல" என்றார்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு முழுசாக ஒரு பேச்சு. பங்கஜத்துக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டீங்களா டீச்சர்? கேட்டீங்கள்ல?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மயிலாப்பூர்ப் பெண்கள் குரூப் போட்டோவுக்கு எங்கள் இருவரையும் இழுத்தார்கள். மாமி, இந்தப் பக்கம், கொஞ்சம் சிரியுங்கோ என்று ஒரே ரகளை. எடுத்து முடித்துத் திரும்பினால் ஆளைக் காணோம்.

டூர் நடத்தும் மகேஷ் ஓடிவந்தான். "இன்னா டீச்சர், இப்பதானே இங்க நின்னுக்கினு இருந்தாரு! நான் ரோட்டாண்ட பாக்குறேன், நீங்க உள்ளாறயே தேடுங்க" என்று பறந்தான்.

பங்கஜம் முற்றத்தின் நடுவில் நின்று, "ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டாள். எங்கள் பஸ் ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அடுத்த முற்றத்திலிருந்து ஒருத்தர், "என்னம்மா?" என்று தன் மனைவியைத் தேடிக்கொண்டு வேறு வந்துவிட்டார். சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. அவள் இன்னும் இரண்டு கூடம் ஓடி, அதே "ஏங்க"வைத்தான் கூப்பிட்டாள். வாசலில் இருந்த சீனப் பெண், மகேஷ் கொடுத்த பட்டியலைப் பார்த்து மைக்கில் அவர் பெயரைச் சொல்ல முயன்றாள். பெயர் துண்டு துண்டாக உடைந்து விழுந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பங்கஜம்மா, இங்க எல்லாரும் ஏங்கதான்! பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க!"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சண்முகசுந்தரம்!"

அவள் மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது, பக்கத்து மரத்தட்டிக்குப் பின்னாலிருந்து அவரே வெளியே வந்தார். "சேசுவே, நன்றி" என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

அவர் பங்கஜத்தின் எதிரில் வந்து நின்று, மரியாதையாகக் கை கூப்பினார்.

"வீட்டுக்காரரைத் தேடுறீங்களாம்மா? அழாதீங்க. இங்கதான் எங்கியாவது வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பாரு. வாங்க, நானும் தேடித் தாரேன்."

நான் வாயைத் திறந்தேன். பங்கஜம் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். "சரிங்க" என்றாள்.

"ஆள் எப்படி இருப்பாரு?"

"உங்க உயரந்தான் இருப்பாரு."

"கூட யாரும் இல்லியா அவருக்கு?"

"நான் இருக்கேங்க."

அவர் ஒவ்வொரு கூடமாக எட்டிப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார். அவள் இரண்டடி பின்னால் போனாள். நானும் போனேன். கடைசி முற்றத்துக்கு வந்ததும் அவர் கையை வாயருகே குவித்துக்கொண்டார்.

"சண்முகசுந்தரம் ஐயா! உங்க வீட்டம்மா இங்க நிக்கிறாங்க!"

பதில் வருகிறதா என்று காதைக் கொடுத்து நின்றார். பங்கஜமும் நின்றாள்.