ஏலத்துக்கு வந்த கச்சல்

பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். எப்போதும் ஏலம் கூறும் அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், இந்த வருஷம் மைக் எனக்குத்தான் என்று முந்தின வாரமே முடிவானது. "சும்மாவே வாயாடிக்கிட்டுதானவே இருக்கீரு" என்றார். அதுதான் என் தகுதி.

நானும் சும்மா இராமல், ஒவ்வொரு பொருளையும் அதனதன் சரியான தமிழ்ப் பெயர் சொல்லித்தான் கூறுவேன் என்று அறிவித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்தது. பெயர் தெரியாமல் முழித்தால் சபையார் வருஷம் முழுக்க விடமாட்டார்கள்.

அகராதியைப் பிரித்தேன். மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல். தண்டிலும் அப்படியே: நெல்லுக்குத் தாள், சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி. பயம் பாதி மறந்தது. பிஞ்சு என்ற ஒரே சொல் போதாதா? குரும்பை உதிர்ந்தால் தென்னந்தோப்புக்காரருக்குத் தூக்கம் போய்விடும். கவலைப்பட்டவர்கள்தான் பெயர் வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. கச்சலுக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் என்று பிடிபடவில்லை. கைக்கும், அதனால் கச்சல் என்று நானே ஒரு மூலம் கண்டுபிடித்துப் பூரித்துப்போனேன்.

பண்டிகையன்று பந்தலில் காணிக்கை மேசையைப் பார்த்ததும்தான் உறைத்தது. தேங்காயெல்லாம் முற்றல், பூசணியெல்லாம் பழுத்தது. அறுப்பின் பண்டிகைக்கு எவன் பிஞ்சு கொண்டுவருவான்? மைக் நடுங்கியது. நடுங்கியது மைக்தான் என்று இன்றும் சாதிக்கிறேன்.

தேங்காயைத் தேங்காய் என்றே விற்றேன். கடைசியாக ஒரு வாழைத்தார் வந்தது. அதன் வால்பக்கம் விரலளவில் நாலைந்து காய்கள். உயிர் வந்தது.

"இதுக்குப் பேரு கச்சல்! கைக்குறதால வந்த பேரு!"

"கடிச்சுப் பாத்தீராவே?" முன்வரிசையில் அண்ணாச்சி கரகரத்தார்.

சபையே பார்த்தது. கடித்தேன். கைக்கவே இல்லை. முழுத் துவர்ப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"என்னவே, கைக்குதா?"

"துவர்க்குது அண்ணாச்சி."

"அப்போ தாரோட சேத்து உம்ம ஆராய்ச்சியையும் ஏலத்துல விடும்!"

சிரிப்பில் பந்தல் அதிர்ந்தது. ஒரு தரம், இரண்டு தரம் சொல்ல நாக்கு வரவில்லை. நான் இன்னொரு காயைக் கடித்துப் பார்ப்பேனோ என்று பயந்து என் மனைவி கை தூக்கி, தாரை எடுத்துக்கொண்டாள்.

தார் இப்போது எங்கள் அடுப்படியில் தொங்குகிறது. மேல்சீப்புகள் பழுத்துவிட்டன. கச்சல் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று, காபி ஆறுவதுகூடத் தெரியாமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.