அரை இஞ்ச் மாஸ்டரின் கழுத்துத் தலையணை

அரை இஞ்ச் மாஸ்டர் தன் கூடப்பிறந்த தங்கைக்குத் தர வேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. நாலு மாதத்தில் தந்துவிடுகிறேன் என்று வாயால் சொன்ன சொல் ஒன்றுதான் உண்டு. பத்து மாதம் ஆகியும் அந்தச் சொல் சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

தங்கை ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நோயாளிகளின் விரிப்புகளைச் சோடாவில் ஊறவைத்து அலசி அலசி, மகளை நர்ஸ் படிப்பில் சேர்ப்பதற்காகச் சேர்த்த பணம் அது. அண்ணன் கேட்ட மறுநாளே கொண்டுவந்து கொடுத்தாள். புருஷனிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள்.

மாஸ்டர் அப்படிக் கை நீட்டுகிற ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், பன்னிரண்டு வயதில் ஊசியைத் தொட்டவர். யார் தயவும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் மூன்று மெஷின் போட்டு, தூரம் போகிற பஸ்களுக்கு சீட் தைத்தவர். அவர் தைத்த சீட்டில் உட்கார்ந்து போனவர்களைக் கணக்கெடுத்தால் ஒரு தேசத்து ஜனத்தொகை வரும். டிகிரி வாங்கியவன் ஸ்கேல் வைத்து அளந்து சொல்வதை இவர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். அரை இஞ்ச் பிசகினால் அந்த சீட்டுக்குக் காசே வேண்டாம் என்பது அவர் போட்ட சட்டம். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு முதலாளியாலும் அந்தக் காசைப் பிடிக்க முடியவில்லை. பெயர் அதனால் வந்தது.

பிறகு பஸ் கம்பெனிகள் சீட்டோடு சேர்த்தே புது வண்டி வாங்க ஆரம்பித்தன. கொட்டகைக்கு வேலை வருவது நின்றது. இரண்டு மெஷின் கைமாறிப் போயின. மிச்சம் ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் கழுத்தில் லாடம் மாதிரி ஒரு தலையணையை மாட்டியிருந்ததை மாஸ்டர் பார்த்தார். விலை கேட்டார். நானூறு என்றார் அவர். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊதினால் உப்புகிற காற்றுப்பைக்கு நானூறா? நல்ல ஃபோம் வைத்து, வெல்வெட் போட்டு, இருநூறுக்கு நான் தருகிறேன் பார் என்று அன்றைக்கே முடிவு கட்டினார். துணிக்கும் ஃபோமுக்கும்தான் தங்கையின் பணம் போனது.

முதல் தலையணையைத் தைத்து முடித்ததும் கட்டிங் டேபிள் மேல் மல்லாந்து படுத்துக் கழுத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தார். பின்கழுத்துப் பள்ளம் அப்படியே நிறைந்தது. முதுகெலும்பே நன்றி சொல்வது போல் இருந்தது. அவர் மனைவியும் படுத்துப் பார்த்தாள். எழுந்திருக்க மனமில்லாமல்தான் எழுந்தாள். ஆனாலும் ஒன்று கேட்டாள்.

"பஸ்ஸுல உக்காந்துதானே போவாங்க? உக்காந்து வச்சுப் பாக்க வேணாமா?"

"தலகாணி தூங்குறதுக்கு. உக்காந்து பாக்கறதுக்கு அது என்ன, டிவியா?" என்றார் மாஸ்டர்.

பின்பக்கம் இரண்டரை இஞ்ச் கனம் என்று அளவு முடிவானது. முந்நூறு தைத்தார். அரை இஞ்ச் என்ன, கால் இஞ்ச்கூட ஒன்றுக்கொன்று பிசகவில்லை.

இருபத்தாறு விற்றன. அதில் பதினொன்று திரும்பி வந்தன. ஒன்றைக் கொண்டுவந்தவர் தூர வண்டிக் கண்டக்டர், மாஸ்டருக்குப் பழைய பழக்கம். அதைக் கட்டிங் டேபிள் மேல் பொத்தென்று போட்டார்.

"மாஸ்டர், இதை மாட்டிக்கிட்டு ஆறு மணி நேரம் போனேன். தப்பு பண்ணிட்டு வாத்தியார் முன்னாடி நிக்கிறவன் மாதிரி தலை தொங்கிப் போச்சு. இப்ப நிமிந்து உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

"உனக்கு உக்காரத் தெரியல" என்றார் மாஸ்டர்.

அதோடு விற்பனை நின்றது. பஸ் ஸ்டாண்டில் செய்தி பரவ ஒரு நாள் போதும். மிச்சம் இருநூற்று எண்பத்தைந்தும் வீட்டுக்குள் ஏறின. இருந்தது ஓர் அறை. சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கியது போக நடுவில் இருந்த இடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருக்களித்துப் படுத்தார்கள். தூக்கம் விற்கப் போன மனிதருக்குத் தூக்கம் போயிற்று. தங்கையின் எண் போனில் ஒளிர்ந்தால் மணி ஓயப் போகிற சமயத்தில்தான் எடுப்பார்.

தங்கை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மகளின் கல்லூரிக் கட்டணத்தை இருபதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் ரொக்கமாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மட்டும் சொன்னாள். பின்னாலிருந்து அவள் புருஷன் பேசியது போனில் தெளிவாகவே கேட்டது.

"மச்சான் தலகாணி தச்சு அடுக்கி வச்சிருக்காரு. தூக்கம்தான் நமக்கு வரல."

இருக்கிற ஒரு மெஷினுக்கு விலை கேட்டார். ஒன்பதாயிரம் என்றான் பழைய சாமான் வாங்குகிறவன். பதின்மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய நகரத்து மொத்த வியாபாரி ஒருவர், முதலில் மாதிரிச் சரக்கைப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு நாற்பது தருவதாகப் போனில் சொன்னார். எல்லாவற்றையும் கொடுத்தாலும் மெஷினோடு சேர்த்து இருபதாயிரத்து நானூறு. மீதிக்கு எங்கே போவது? மாஸ்டர் இரண்டு சாக்கில் அறுபது தலையணையைத் திணித்தார். பைக்குள் இரண்டு செட் துணியும் வைத்தார். ஒரு நாள் வேலைக்கு இரண்டு செட் எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திரும்பி வருகிற எண்ணமே அவருக்கு இல்லை. அங்கேயே யார் கொட்டகையிலாவது கூலிக்குத் தைத்துக்கொண்டு, முகவரி இல்லாத ஆளாகக் காலத்தை ஓட்டிவிடலாம். தங்கை முகத்தைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்று நினைத்தார். அன்றைக்குத் தேதி எட்டு.

விடியற்காலை வண்டி. கண்டக்டர் அதே பழைய கண்டக்டர். வண்டியும் பழையது, மாஸ்டர் சீட் தைத்த வண்டி. பதினோராம் எண் சீட்டில் உட்கார்ந்ததும் விரல் தானாக ஓரத்துக்குப் போயிற்று. அவருடைய இரட்டைத் தையல். ஒன்பது வருஷமாகியும் ஒரு நூல் விடவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆயிரக்கணக்கில் சீட் தைத்த அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்த பஸ்ஸிலும் உட்கார்ந்ததில்லை. போக வேண்டிய அவசியம் இல்லை, போக நேரமும் இல்லை.

ராத்திரியெல்லாம் விழித்த கண் எரிந்தது. சாக்கிலிருந்து ஒரு தலையணையை எடுத்து மாட்டிக்கொண்டார். அரை மணி நேரத்தில் தாடை நெஞ்சைத் தொட்டது. நிமிர்ந்தார், மறுபடி தொட்டது. வலப்பக்கம் சாய்ந்தால் பிடிமானம் இல்லை, இடப்பக்கம் சாய்ந்தால் பக்கத்து சீட்டுக்காரரின் தோள். பின்கழுத்தில் கம்பியைக் காய்ச்சி வைத்தது மாதிரி வலி. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"என்ன மாஸ்டர், உக்காரத் தெரியலையா?"

மாஸ்டர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தலை சாய்கிற இடத்தைத் தடவினார். அங்கே ஒரு புடைப்பு. இரண்டு இஞ்ச். அதற்குள் ஃபோமை வைத்து அமுக்கித் தைத்தது யார்? அவரேதான். சீட்டில் இரண்டு, தலையணையில் இரண்டரை. நாலரை இஞ்ச் தலையை முன்னால் தள்ளினால் எவன் தூங்குவான்? படுத்துப் பார்த்து அளவு எடுத்தாரே, தரையில் ஏது புடைப்பு? அரை இஞ்சுக்குக் காசு வேண்டாம் என்று மார்தட்டியவர் நாலரை இஞ்ச் பிசகியிருந்தார். அதுவும் தங்கை காசில். அவருக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு கை சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஊசி, நூல், பிளேடு உண்டு. தலையணையை மடியில் வைத்துப் பின்பக்கத் தையலைப் பிரித்தார். ஃபோமை உருவி உருவி இரண்டு பக்கமும் அடைத்தார். பின்னால் வெறும் துணிக் கனம், பக்கத்தில் தாடை எலும்பைத் தாங்குகிற உயரம். பக்கத்து சீட்டுக்காரர் மருந்துக் கம்பெனியின் விற்பனை ஆள், மாதத்தில் இருபது நாள் பஸ்ஸிலேயே குடித்தனம் நடத்துகிறவர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரே சொல்ல ஆரம்பித்தார். முன்பக்கம் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்ட ஒரு நாடா வேண்டும், இல்லையென்றால் தலை முன்னால் விழும். வெல்வெட் வேர்க்கும், கழுத்துப் படுகிற பக்கம் பருத்தி வேண்டும். உறை கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும், நாலு பயணத்தில் நாறிவிடும். இவ்வளவும் எந்தக் கடைக்காரனும் சொல்வதில்லை, தலையணை வாங்குகிறவன் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார்.

மாஸ்டர் தன் சட்டை ஓரத்தைக் கிழித்து நாடா தைத்து, அதை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். மனிதர் பேசிக்கொண்டே தூங்கிப் போனார். வாய் திறந்த தூக்கம், மூன்று மணி நேரம். தலை ஒரு பக்கமும் சரியவில்லை. வண்டி மதியச் சாப்பாட்டுக்கு நின்றபோது கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார். அந்த ஆள் கண்ணைத் திறக்காமலே போய்யா என்று திட்டினார்.

கண்டக்டர் மாஸ்டரைப் பார்த்தார். "இருபது வருஷத்துல என் வண்டியில யாரும் இப்படித் தூங்கி நான் பாத்ததில்ல."

மாஸ்டர் சாக்குகளை இறக்கினார். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். மீதி தூரத்துக்கு டிக்கெட் காசு திரும்ப வராது என்று கண்டக்டர் கத்தினார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். வருகிற வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்து, பையிலிருந்த இரண்டு செட் துணியையும் எடுத்துக் கொடியில் போட்டபோதுதான் மனைவிக்கு விஷயம் புரிந்தது. பிளேடை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள்.

ஐந்து நாள். பிரித்தார்கள், அடைத்தார்கள், தைத்தார்கள். நாடா வைத்தார்கள், பழைய பருத்தி விரிப்புகளைக் கிழித்து உள்பக்கம் கொடுத்தார்கள். உறைக்கு ஜிப் வைக்கக் காசில்லை, பொத்தான் வைத்தார்கள். நாலாம் நாள் மாஸ்டரின் ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கி நகம் கறுத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு முடிந்தபோது கை ஓய்ந்துவிட்டது.

விற்கிற வழியைக் கண்டக்டர்தான் சொன்னார். ஏறும்போதே கொடுப்போம், இறங்கும்போது பிடித்திருந்தால் இருநூறு, பிடிக்கவில்லையென்றால் தலையணை திரும்ப. தலையணைக்கு இருபது அவருக்கு. பதினெட்டாம் தேதிக்குள் நூற்று ஐம்பத்தெட்டு போயின. நூலுக்கு நாற்பது போகக் கையில் இருபத்தெட்டாயிரத்து நானூறு. கடைசி ஐம்பத்து நாலையும் ஏற்றிக்கொண்டு அன்றைக்குக் கண்டக்டர் கிளம்பினார். இருபதாம் தேதி காலை ஏழு மணிக்குத் திரும்பிவிடுவேன் என்றார்.

ஏழு ஆயிற்று, எட்டும் ஆயிற்று. வழியில் டயர் வெடித்துவிட்டதாம், அலுவலகத்தில் சொன்னார்கள். ஒன்பதரைக்குத் தங்கை மகளோடு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து தூணோரம் நின்றாள். கல்லூரி அங்கிருந்து கால் மணி நேர நடை. அண்ணனைப் பார்த்து வண்டி வந்துவிடும் என்றாளே தவிர, அவள் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பெண் சான்றிதழ்ப் பையை நெஞ்சோடு அணைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வாசலுக்கும் தூணுக்கும் நடந்தார். ஓடிப்போயிருந்தால் இந்தக் கோலத்தைப் பார்த்திருக்க வேண்டாமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

வண்டி வந்தபோது பத்து ஐம்பது. கண்டக்டர் படியிலிருந்தே பணத்தை நீட்டினார். நாற்பத்தொன்பதுக்கான எட்டாயிரத்து எண்ணூற்று இருபது. கூடவே ஐந்து தலையணை. ஒன்று, அவசரத்தில் தைத்தது, தையல் விட்டிருந்தது. நாலு பேர் வேண்டாம் என்றார்களாம்.

மாஸ்டர் மனதுக்குள் கூட்டினார். எழுநூற்று எண்பது குறைந்தது. கண்டக்டர் தன் பங்கை வைத்து அங்கேயே ஓட்டல் பாக்கியை அடைத்துவிட்டாராம், பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

எதிரில் ஒரு தூர வண்டி புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வாழ்க்கையில் கூவி விற்றதில்லை. சாமான் நன்றாக இருந்தால் தேடி வருவான் என்பது அவர் கொள்கை. நாலு தலையணையையும் கையில் மாட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். கூவினார்.

"உக்காந்து தூங்கலாம் சார். உக்காந்தபடியே தூங்கலாம்."

ஒரு பெண் வாங்கிப் பார்த்து, வீட்டில் படுக்கும்போதும் வைக்கலாமா என்று கேட்டாள்.

"வைக்காதீங்கம்மா. படுத்தா இது ஆகாது. பஸ்ஸுக்கு மட்டும்தான்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள். பின் சீட்டில் ஒருவர் மூன்றாவதை மாட்டிப் பார்த்து, கழற்றாமலே காசு கொடுத்தார். நாலாவதைப் பிடித்தவர் நூற்றைம்பதில் நின்றார். வண்டி நகர ஆரம்பித்தது. மாஸ்டர் விலை குறைத்த ஆள் இல்லை, பேரம் பேசியவர்களைக் கொட்டகையிலிருந்து இறக்கிவிட்டவர்.

"நூத்தியெண்பது குடுங்க சார்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "அதுக்குக் கீழ என்னால முடியாது. சத்தியமா முடியாது."

அந்த மனிதர் அவர் முகத்தையே பார்த்தார். மாஸ்டர் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கிய பிறகு ஜன்னல் வழியே கை நீண்டு காசைக் கொடுத்தது.

தூணோரம் வந்தபோது மணி பதினொன்று பத்து. மூச்சு வாங்கியது. தங்கை வலது கையை விரித்தாள். சோடாவில் வெந்து வெடித்த கை. மாஸ்டர் எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக அதில் வைத்தார், நடுவில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து மறுபடி எண்ணினார். முப்பத்தேழாயிரத்து எண்ணூற்று இருபது என்றபோது ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கடைசியாக வந்த நூறையும், அதன் மேல் ஐம்பதையும், மூன்று பத்தையும் அந்தக் கையில் வைத்தார்.