அவன் சொல்ல இருந்ததை நான் சொன்னேன்

அன்று போன் செய்தது நான்தான். என் தம்பி டேனியலின் முதல் வேலையைக் கெடுத்தது ஆனேக்கல் பட்டறை முதலாளி அல்ல, நான். பதினொரு மாதமாக ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எண்ணம் தோன்றிய இடம்கூட நினைவிருக்கிறது. ஆபீஸ் முடிந்து வரும் வழியில், லிங்கராஜபுரம் சிக்னலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன். மறுநாள் அவன் வேலையில் சேர வேண்டும். முதலாளியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன? பச்சை விழுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். எதையும் நான் அப்படித்தான் முடிவு செய்கிறேன்... சட்டென்று!

டேனியலுக்கு இருபத்திரண்டு வயது. எழுத்துகள் அவன் கண்ணுக்கு ஒரே வரிசையில் நிற்பதில்லை. டிஸ்லெக்சியா என்று எட்டாம் வகுப்பில்தான் தெரிந்தது. அதற்குள் 'சோம்பேறி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு வேலையைக் கையால் செய்து காட்டுங்கள். ஒருமுறை பார்த்தால் அவனுக்குப் போதும்.

அவனுக்காக எத்தனை திட்டங்கள் போட்டேன்! லேப்டாப்பில் கலர் கலராகக் கட்டங்கள். இந்த வருடம் இந்தப் பயிற்சி, அடுத்த வருடம் அந்தச் சான்றிதழ்... அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இதப் படிச்சு முடிக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆகும்க்கா."

பிறகு அவனே வேலை தேடிக்கொண்டான். கூடப் படித்த ஒருவன் சொன்ன இடம். ஸ்விட்ச் போர்டுகளுக்கு ஒயர் இணைக்கும் பட்டறை. சம்பளம் பேசி, எங்கே பஸ் மாற வேண்டும் என்று விசாரித்து, எல்லாம் அவனே! என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் நாள் முதலாளியிடம் சொல்வதற்கு ஒரு பேச்சைத் தயார் செய்து, தன் போனில் பதிவு செய்திருந்தான். அதைப் போட்டுக் காட்டினான்.

"சார், எனக்குப் படிக்க லேட் ஆகும். ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. அப்புறம் தப்பு வராது."

ஓடி முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தான். "ஓகேவாக்கா?"

"சூப்பர்டா" என்றேன்.

சூப்பர் என்று சொன்ன அதே வாய்! அன்று மாலை ஆபீஸிலிருந்து வந்ததும், அவன் குளிக்கப் போன நேரத்தில் அவன் போனிலிருந்து முதலாளியின் எண்ணை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

"சார், என் தம்பிக்குக் கொஞ்சம் பிராப்ளம் இருக்கு. எழுத்து இருக்கிற எதையும் அவன்கிட்ட குடுக்காதீங்க. திட்டிடாதீங்க. நான் பேசினத மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

மூச்சு விடாமல் பேசினேன். மறுமுனையில் கன்னடத்தில் இரக்கம் வழிந்தது. "பாப... ஆய்த்து மேடம், நான் நோட்கோத்தீனி." பாவம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதி!

பார்த்துக்கொண்டார். முதல் நாள் டேனியல் தன் பேச்சைத் தடுமாறாமல் சொல்லியிருக்கிறான். அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, ஓரமாக உட்காரவைத்து, அட்டைப்பெட்டி மடிக்கச் சொன்னார். ஒயரைத் தொட விடவில்லை. ஒரு ஸ்குரூடிரைவர்கூடத் தரவில்லை. மற்றவர்கள் அவனிடம் மட்டும் உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். ஒன்பதாம் நாள் வேலையிலிருந்து நின்றுவிட்டான்.

"நான் வாயத் தொறந்து சொன்னேன் பாரு, அதான்க்கா தப்பு."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே? "ஜனங்க அப்படித்தான்டா" என்றேன். அதோடு விட்டேனா? வேலை கொடுப்பவர்களின் மனப்பான்மையைக் கண்டித்து இணையத்தில் ஆவேசமாக ஒரு பதிவு வேறு! பாராட்டு குவிந்தது. ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன். ச்சீ...

பாசத்தில் செய்தது என்பீர்களா? நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. என் கட்டங்கள் எதுவுமில்லாமல் அவன் ஒரு காரியத்தை முடித்துவிட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன்? திங்கட்கிழமை அவன் ஒக்கலிபுரத்தில் ஓர் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடையில் சேர்கிறான். நேற்று சாப்பிடும்போது அம்மா, "இங்கயாவது நிலைச்சு நில்லுடா" என்றார்.

"இந்த வாட்டி ஒண்ணும் சொல்லப் போறதில்லம்மா. எல்லாம் படிக்கத் தெரியும்னு சமாளிச்சிடுவேன்."

கரண்ட் வேலை! ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை மாற்றிப் படித்துவிட்டால்? கேட்கக் கூச்சப்பட்டு, குத்துமதிப்பாக ஒயரை இணைத்துவிட்டால்? அவன் தயாரித்த பேச்சில் ஒரு குறையும் இல்லை. அது பலிக்குமா என்று பார்க்கவே நான் விடவில்லை. அது தெரியாமல், உண்மையைச் சொன்னதுதான் தன் குற்றம் என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

இன்று சனிக்கிழமை. மொட்டைமாடியில் திங்கட்கிழமைக்கான சட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறான். கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று காலையிலிருந்து மனம் பரபரக்கிறது. பார்த்தீர்களா... மறுபடியும்!

கூப்பிட மாட்டேன். மாடி ஏறப் போகிறேன். "டேனி, ஆனேக்கல்லுக்கு முந்தின நாளே போன் பண்ணினது நான்தான்." இவ்வளவுதான் சொல்வேன். அவன் கத்தட்டும். இனி எதையும் என்னிடம் போட்டுக் காட்டாமலே போகட்டும். திங்கட்கிழமை கடைக்காரரிடம் என்ன சொல்வது என்று அவன் முடிவு செய்துகொள்வான்; அது என்னவென்று நான் கேட்கக் கூடாது.

நான்கு மாடிப்படி ஏறிவிட்டேன். இன்னும் பதினாறு இருக்கிறது.