கிளட்ச் கேபிளை இறுக்கிய சனிக்கிழமை

கிளட்ச் பிளேட் கருகும் வாசனை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, பிள்ளைகளே. அடிப்பிடித்த பாலும் சூடேறிய எண்ணெயும் கலந்தது போல, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வாசனை அது. எங்கேயாவது லாரி ஒன்று மேட்டில் திணறி அந்த வாசனை வந்தால், மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவனில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் அபிராமபுரத்தில் குடியிருந்தோம். எனக்குப் பதினான்கு வயது. அப்பா ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனையாளர். தோல் பையில் மாத்திரைகளை அடுக்கிக்கொண்டு, கறுப்பு மோட்டார் சைக்கிளில் மயிலாப்பூர், தி.நகர் டாக்டர்களையெல்லாம் சுற்றி வருவார். அந்த வண்டிக்கு ஒரே டாக்டர், மந்தைவெளியில் தகரக் கொட்டகை போட்டிருந்த எத்திராஜ். அப்பா சொல்லி எங்கள் தெருவிலிருந்து இன்னும் நாலு வண்டிகள் அவரிடம் போய்க்கொண்டிருந்தன.

அந்த வாரம் எத்திராஜ் எங்கள் வண்டிக்குப் புது கிளட்ச் கேபிள் போட்டிருந்தார். புது கேபிள் ஓட ஓடக் கொஞ்சம் நீளும். நீண்டால் கைப்பிடியில் இருக்கும் லிவர் "தொளதொள"வென்று ஆடும்; எவ்வளவு அழுத்தினாலும் கிளட்ச் சரியாக விடாது; கியர் மாற்றும்போது வண்டி பல்லை நறநறவென்று கடிக்கும். அதைச் சரி செய்ய லிவர் பக்கத்திலேயே ஒரு திருகும், திருகைப் பூட்டி வைக்க ஒரு நட்டும் உண்டு. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் முழுக்க இறுக்கிவிடக் கூடாது. எத்திராஜ் எட்டணாக் காசு ஒன்றை லிவரின் இடுக்கில் செருகிப் பார்த்து, "காசு போவணும் சார், ஆனா ஆடக் கூடாது" என்பார். அதை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். காசு எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது அவருடைய "ஸ்டைல்" என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா, "டேய், வண்டியை எத்திராஜ்கிட்ட தள்ளிட்டுப் போய் கேபிள் லூசை எடுத்துட்டு வா. காலையில அக்காவைப் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றார். மறுநாள் அக்காவுக்கு அடையாறில் டைப்ரைட்டிங் பரீட்சை. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில்கூட விரல்களால் தட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

எனக்கோ அதே நேரத்தில் தெருக்கோடியில் கிரிக்கெட் மேட்ச். அந்த வெயிலில் மந்தைவெளி வரை வண்டியைத் தள்ளினால் மேட்ச் போய்விடும். தெரு முனை திரும்பியதும் வாடகை சைக்கிள் கடையில் ஸ்பேனர் வாங்கி நானே வேலையில் இறங்கிவிட்டேன். சைக்கிள் கடைக்காரர், "இன்னா நைனா, மெக்கானிக் ஆயிட்டியா?" என்று கேட்டது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தொளதொளப்பு கெட்டதென்றால் இறுக்கம் நல்லதுதானே? லிவர் கட்டை மாதிரி நிற்கும் வரை திருகினேன். சாயங்காலம் அப்பா, "எத்திராஜ் பார்த்தானா?" என்றார். "பார்த்தாருப்பா" என்றேன். வேலை முடிந்தது, யார் செய்தால் என்ன என்பதுதான் அப்போதைய என் நியாயம்.

காலையில் லிவரைப் பிடித்துப் பார்த்த அப்பா, "நல்லா டைட்டா வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இடுக்கே இல்லாமல் இறுக்கிய கிளட்ச், யாரும் தொடாமலே பாதி அழுத்தியபடி இருக்கும்; என்ஜின் கத்தும், சக்கரம் நகராது, உள்ளே பிளேட்டுகள் உரசி உரசிக் கருகும். அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது. அக்கா இறங்கிச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். பரீட்சைக் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்துத்தான். வீட்டுக்கு நடந்தே திரும்பி வந்தவள் அழவில்லை. கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பின்னாலேயே அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வாசனையும் வாசலுக்கு வந்தது.

"வாடா" என்றார் என்னிடம். இருவருமாக வண்டியை மந்தைவெளிக்குத் தள்ளினோம். முந்தின நாள் நான் போயிருக்க வேண்டிய அதே வழி.

கொட்டகையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எத்திராஜ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "இன்னா சார் சொல்றே? உன் பையன் இங்க வரவே இல்லியே! நேத்து பூரா நான் இங்கதான் குந்திக்கினு இருந்தேன்" என்றார்.

டீக்கடைக்காரர் சிரித்தார். "இன்னா எத்திராஜு, வராத வண்டிக்கு ஸ்பேனர் போட்டியா?"

அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "நீ வந்தியா, இல்லையா?"

எத்திராஜ் குனிந்து, "நைனா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பையில் செருகியிருந்த பென்சிலைப் பார்த்து, "வந்தேன்" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். "கேட்டியா? இவனுக்குப் படிப்பு வராது எத்திராஜ். ஆனா பொய்யும் வராது."

எத்திராஜ் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டியை அங்கேயிருந்து வேறு கடைக்குத் தள்ளினோம். ஒரு மாதத்துக்குள் எங்கள் தெருவின் மற்ற நாலு வண்டிகளும் அவரிடம் போவதை நிறுத்திக்கொண்டன. "தப்புப் பண்ணிட்டு இல்லைன்னு சாதிக்கிறான்" என்று அப்பாவே எல்லாரிடமும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் மந்தைவெளிப் பக்கம் போவதென்றால் சுற்றிக்கொண்டு போவேன். அப்படியும் ஒரு தடவை எத்திராஜ் நேர் எதிரே வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நின்றேன். "அக்கா பரீட்சை எழுதிச்சா?" என்று கேட்டார். பாஸாகிவிட்டாள் என்றேன். "அதுனாச்சும் ஆச்சே" என்று போய்விட்டார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. அப்பாவுக்கு எழுபதுக்கு மேல். ஒரு நாள் என் சின்னவன் மார்க் ஷீட்டை ஒளித்து வைத்துப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டான். அப்பா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உங்கப்பன் இந்த வயசுல ஒரு பொய் சொன்னதில்ல, தெரியுமா?" என்றார். என் பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "சட்டையைக் கொண்டா" என்றார். மூவரும் ஆட்டோவில் மந்தைவெளிக்குப் போனோம். கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. கல்லாவில் இருந்த இளைஞனுக்கு எத்திராஜ் என்ற பெயரே தெரியவில்லை. டீக்கடையும் இல்லை. "ரீசார்ஜா தாத்தா?" என்றான். அப்பா கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு அவனிடமே சொன்னார்: "அவரைத் தெரிஞ்சவங்க யாராவது வந்தா சொல்லுப்பா. அன்னிக்கு என் பையன் இங்க வரவே இல்ல. அவர் சொன்னதுதான் நெசம்."

புரியாவிட்டாலும் அந்த இளைஞன் தலையாட்டினான். பாவம், நல்ல பிள்ளை.

இப்போது அப்பாவும் இல்லை. எங்கள் வீட்டில் நிற்கும் ஸ்கூட்டருக்குக் கிளட்சே கிடையாது. கேபிளும் லிவரும் இறுக்குவதும் தளர்த்துவதும் என் பேரனுக்குச் சொன்னால் கதையாக இருக்கிறது. எத்திராஜ் கொட்டகையில் அன்று என் முகத்தைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. அப்பா தான் சொல்ல வேண்டியதை யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். அந்த செல்போன் கடையிலும் நான் அவர் பின்னால் பேசாமல்தான் நின்றுகொண்டிருந்தேன்.