மலை தெரியாத ஊருக்குப் புறப்பட்ட மைதீன்

போன வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வந்தது. மைதீனின் மூத்த மகன். "அத்தா மவுத்தாயிட்டாக மாமா. அஸர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்" என்றான். "வாரேன்" என்றேன். அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் கங்கைக்குப் போகவே இல்லையே" என்றீர்கள். ஏன் போகவில்லை என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்து நாலில், என் பழைய புல்லட்டுக்குச் செயின் வாங்க அவனுடைய மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்குப் போனேன். நான் ராஜபாளையத்தில் மில் பிட்டர். படிப்பு பத்தாவது, அதுவும் இரண்டு தவணையில். பேச்சு செயினில் ஆரம்பித்து, மதியம் அவன் வீட்டுச் சாப்பாட்டில் முடிந்தது. அன்றிலிருந்து அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள. இறந்தவரை அவன் என்று எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். அவர் என்று எழுதினால் சண்டைக்கு வருவான்.

நம் ஊரில் எங்கே நின்றாலும் மேற்கே மலை நிற்கும். நமக்கு மேற்கு என்று ஒரு திசையே கிடையாது, மலைப்பக்கம்தான். மைதீனுக்கு அதுதான் குறை. "நாலு பக்கமும் வெறும் தரையா இருக்கணும் மாப்ள. அதுல ஒரு நாள் முழுக்க ஓட்டணும்" என்பான். கங்கைக் கரை வரை போவது, ஆளுக்குப் பாதித் தூரம் ஓட்டுவது என்று திட்டம். வடக்கிலிருந்து வரும் லாரி டிரைவர்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ரோட்டைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்வான்.

ஒரு ஐப்பசியில் பரமக்குடி வரை வெள்ளோட்டம் போனோம். திரும்பும்போது வானம் மூடிக்கிடந்தது. தூரத்தில் நீலமாக இரண்டு முகடு தெரிந்தது. "மலை தெரிஞ்சிருச்சு, வீடு வந்த மாதிரிதான்" என்று முறுக்கினேன். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். மலையைப் பார்த்து ஓட்டுகிறவனுக்கு வழி எதற்கு என்றேன். ஒரு மணி நேரத்தில் மலை இரண்டாகப் பிரிந்து, மேகமாக நகர ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் ரோடு மணலில் முடிந்தது. எதிரே கடல்.

வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் மைதீன் ராஜபாளையத்துக்கு வழி கேட்டான். அவர் எங்கள் முதுகுப் பக்கம் கையைக் காட்டினார். மைதீன் மணலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் பயம் புகுந்தது அன்றுதான். மலை இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்று தெரிந்துபோயிற்று.

பிறகு ஆடி, மார்கழி என்று என் பக்கமும், நோன்பு, தர்கா கந்தூரி என்று அவன் பக்கமும் கழித்ததில் மாசி மாதம் மிஞ்சியது. லீவும் கிடைத்துவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள், மகளுக்குக் கடும் காய்ச்சல் என்று கடைக்குப் போன் செய்தேன். மத்தியானமே ரொட்டி பாக்கெட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். மகள் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். செத்த நேரம் அவள் தாவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே வந்து பாக்கெட்டை என் கையில் வைத்தான்.

"காய்ச்சல் ஒனக்குத்தான் மாப்ள. நீயே தின்னு."

அவ்வளவுதான். கோபமில்லை. பொறவு ஒரு நாள், வண்டியை எடுத்துக்கொண்டு நீயாவது போய் வா என்று கெஞ்சினேன். "தனியா போயி, அம்புட்டுத் தரையையும் யாருகிட்ட காமிக்க?" என்றான். லாரி டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நான் போனால், புதிதாகப் பாலம் கட்டிய இடங்களைச் சொல்வான். நாளைக்கே புறப்படுகிறவன் மாதிரி நானும் கேட்டுக்கொள்வேன்.

அவனுடையது என்று என்னிடம் இருப்பது ஒரு கிளட்ச் ஒயர். பயணத்துக்காக, ஓடுகிற ஒயரோடு ஒட்டி இன்னொன்றை அவன் கையாலேயே கட்டிவிட்டான். வழியில் அறுந்தால் தேடவேண்டாம், மாட்டினால் போதும். துருப்பிடித்துவிட்டது, கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். முதல் ஒயர் அறுகிற தூரத்துக்கு நான் வண்டியை ஓட்டவே இல்லை.