தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே

சென்ற வாரம் செம்பவாங் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. வழக்கமாகப் படித்துச் சொல்லும் என் பேத்தி யாழினி பள்ளியில் இருந்தாள். நானே எழுத்துக் கூட்டினேன். "அத்தா... இன்று... காலை..." முதல் முறையாக ஒரு செய்தியைத் தனியாகப் படிக்கிறேன் என்ற பூரிப்பில், கடைசிச் சொல்லுக்கு வந்த பிறகுதான் பொருள் உறைத்தது. "மவுத்தாகிவிட்டார்கள்." அனுப்பியவர் நைனா பாயின் மகள். அன்று மாலைக்குள் நல்லடக்கமும் முடிந்தது.

நைனா பாய் தேக்கா சந்தையின் மேல்மாடியில் தையல் கடை வைத்திருந்தவர். நான் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்திலிருந்து என் கால்சட்டைகளை அவர்தான் தைத்தார். ஓய்வு பெற்ற பின் அவர் கடை முக்காலிதான் எனக்கு இடம். அதிலும் நிலையாக உட்கார மாட்டேன். எழுந்து நடப்பேன், எட்டிப் பார்ப்பேன், மறுபடி உட்காருவேன். "அண்ணே, உங்க கால்ல ஒரு பெடல் கட்டிவிட்டா நான் ரெண்டு சட்ட கூடத் தைச்சுருவேன்" என்பார்.

போன வருடம் யாழினி தொடக்கநிலை மூன்றில் இருந்தாள். தமிழ் வகுப்பில் எல்லார் முன்னாலும் பேசிக் காட்டும் படைப்புக்கு எழுந்து நின்றவள், ஒரு சொல்லும் வராமல் அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் மறுபடி பேசலாம் என்று ஆசிரியை சொன்னார். "இனிமே ஸ்கூலுக்கே போக மாட்டேன்" என்றாள் இவள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளைப் பாயிடம் கூட்டிப் போனேன்.

அவள் பேச வேண்டிய தலைப்பு, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வந்து போகும் இருவாய்ச்சிப் பறவை.

"மெஷின நிறுத்துங்க பாய் தாத்தா, பேசப் போறேன்."

"நிறுத்த முடியாது லா. அஞ்சு மணிக்குச் சட்டைக்கு ஆள் வந்துரும். நீ பேசு. எனக்குக் கேக்கலன்னா ஒன் பறவை பறந்துருச்சுன்னு நெனச்சுக்குவேன்."

அவள் கத்திப் பேசினாள். மெஷின் கடகடத்தது. பாதியில் மறந்துபோய், குறிப்பு அட்டையை என்னிடம் நீட்டி, "அடுத்து என்ன தாத்தா?" என்றாள். கண் சரியில்லை என்றே அதுவரை அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். கையில் அட்டையோடு வியர்த்துப்போனேன். பாய் தலையைத் தூக்காமலே, "தாத்தாவக் கேக்காதம்மா. பறவையப் பாத்தது நீதானே?" என்றார். அவள் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினாள். அன்று அவர் காப்பாற்றியது இரண்டு பேரை.

படைப்பு நாளன்று பள்ளி வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவள், "பாய் தாத்தாகிட்டதான் சொல்வேன்" என்று வாயை மூடிக்கொண்டாள். ரயில் மாறித் தேக்கா வந்து சேரும்வரை நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

கடையில்தான் வாய் திறந்தாள். "கிளாஸ் ரொம்ப அமைதியா இருந்துச்சு பாய் தாத்தா. அதான் பேச்சே வரல. எல்லாரும் என்னையே பாத்தாங்க."

வேலை நேரத்தில் அந்த மெஷின் நின்றதை அன்றுதான் பார்த்தேன். "தப்புப் பண்ணிட்டேனே அண்ணே" என்றார் பாய். "சத்தத்துல பேச வச்சேன். அமைதியில பேச வைக்கலயே."

"அப்புறம் நான் கால ஆட்டினேன்" என்றாள் அவள். "ஒங்க மெஷின் மாதிரி, தரையில டக்டக்குன்னு. டீச்சர்கூட என்னம்மான்னு கேட்டாங்க. உடனே வந்துருச்சு. முழுசாப் பேசிட்டேன்!"

பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அது ஒங்க தாத்தா குடுத்த காலும்மா" என்றார் பாய்.

வீடு திரும்பும் வழியில் அவளிடம் உண்மையைச் சொன்னேன். "கண்ணு நல்லாத்தான் தெரியுதும்மா. எழுத்துதான் தெரியாது." மறுநாள் அவளுடைய அட்டைகள் என் முன்னால் இருந்தன. நான் முதலில் படித்த சொல் இருவாய்ச்சி. பாயிடம் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. "கேக்கல அண்ணே, சத்தமா!" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பாயின் நண்பர்கள் கூடுகிறோம். இதை நான்தான் வாசிக்க வேண்டும். எழுதி முடிக்க ஆறு நாள் ஆனது. ஒவ்வோர் எழுத்தும் கைக்கு வரும்போது மனம் துள்ளுகிறது. துக்கத்தில் துள்ளலாமா என்று பாயைத்தான் கேட்டிருப்பேன்.

அறை அமைதியாக இருக்கும். என் கால் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். போய் வாருங்கள் பாய். உங்களுக்குக் கேட்கும்படி சத்தமாகவே வாசிக்கிறேன்.