பதிலுக்கு விட்ட இடம்

கோயில் கமிட்டிக்குப் போன அந்த மொட்டைப் பெட்டிசத்தை எழுதியவன் நான். பெயர் போடாமல், கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால், ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் முப்பத்து நான்கு வருடம் தமிழ் படிப்பித்தவன் செய்த வேலை அது.

பெட்டிசம் என் மனைவியின் அண்ணன் மகன் மேல். அவன் பதுளை பசாரில் ஒரு மாடி அறையில் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறான். கல்யாணங்களுக்கு டீஜேயாகவும் போவான். போன வருடம் ஒரு மிக்ஸ் வெளியிட்டான். கடையில் கிடைக்கிற சாமான் அல்ல. பென் டிரைவிலும் வட்ஸ்அப்பிலும் கைமாறி, ஹாலிஎலயிலிருந்து வெலிமடை வரை ஓட்டோக்களில் ஓடியது. பன்னிரண்டு பாட்டுகள். ஒன்று முடியுமுன் அடுத்தது உள்ளே புகுந்துவிடும். நாற்பது நிமிடம் அடி நிற்காது. தப்பு மேளச் சத்தத்துக்கு அடியில் நெஞ்சை இடிக்கிற பேஸ். பாடல்களோ எல்லாம் பச்சை. நலங்கு வைக்கும்போது எங்கள் பெண்கள் மாப்பிள்ளையை நாறடிக்கப் பாடுகிற பாட்டுகள்.

நான் அதை முதலில் கேட்டது கிளினிக்குக்குப் போகும்போது, ஒரு ஓட்டோவில்.

மலையேற மூச்சு வாங்கும் மாப்பிள்ளைக்கு
மெத்தை எதுக்குடி, மெத்தை எதுக்கு?
பாதி மேட்டுல படுத்துக்கிற ஆளுக்குப்
பாயே போதும்டி, பாயே போதும்!

அதன் பின்னால் ஒரு சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து வந்து, இருமலில் முடிகிற சிரிப்பு.

"யாரு பெத்த கிழவியோ தெரியல மாஸ்டர். செம வாயி!" என்றான் ஓட்டோக்காரன்.

எனக்குத் தெரிந்தது. காலையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்த என் மனைவியின் வாய்தான். ஆனால் நாற்பத்தொரு வருடத்தில் அந்தச் சிரிப்பை என் வீட்டில் நான் கேட்டதில்லை.

அந்தப் பாட்டையும் நான் முன்பே ஒருமுறை கேட்டிருந்தேன். எங்கள் நலங்கில், லயத்து வீட்டு வாசலில், பெண்வீட்டுக்காரிகள் என்னைச் சுற்றி நின்று பாடினார்கள். பாடி முடித்ததும் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மாப்பிள்ளையோ அவன் அக்கா தங்கைகளோ அதைவிடக் காரமாக ஒரு பதில் பாட வேண்டும். அதுவரை சந்தனம் பூச மாட்டார்கள். நானோ அப்போதுதான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்தவன். "இதென்ன கொச்சை? நிறுத்துங்க" என்று எழுந்துவிட்டேன். தப்பு நின்றது. யாரோ ஒரு கிழவி பதிலுக்குக் காத்திராமல் என் கன்னத்தில் சந்தனத்தை அப்பிவிட்டுப் போனாள். பாட்டைக் கட்டியவளே மணப்பெண்தான் என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் அவள் பாடுவதை விட்டிருந்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

ஓட்டோவில் கேட்ட பிறகுதான், சனிக்கிழமைகளில் அண்ணனைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, ஊதா நிறச் சேலை கட்டிக்கொண்டு அவள் பதுளைக்குப் போனதன் காரணம் விளங்கியது. வீட்டில் குசினி அடுப்படியில் இருந்து போனில் அவனுக்குக் குரல் அனுப்புவாள். "டேய் மருமகனே, நாலாவது பாட்டுல அந்த இடுப்பு ஆட்டுற அடிய இன்னும் கொஞ்சம் இழுத்து வையிடா. ஒங்க மாமாவோட நடை மாதிரி நேரா போவுது!" நான் பேப்பரை விரித்துப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். என்னோடு பேச அவளுக்கு மாத்திரையும் அரிசியும்தான் இருந்தன.

பொறாமை என்ற சொல்லைத் தவிர வேறு சொல் இதற்கு இல்லை. அவன் மேல் பொறாமை, அவளைச் சிரிக்க வைத்ததற்கு. அவள் மேலும் பொறாமை. நான் எழுதிய கவிதைப் புத்தகம் இரண்டு பெட்டி நிறையக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அவளுடைய நாலு வரியை ஊவா மாகாணமே வாய்விட்டுப் பாடியது.

தேர்த் திருவிழாவுக்கு அவனுடைய சவுண்ட் செட்டைத்தான் பேசியிருந்தார்கள். வயதான பெண்களை ஏமாற்றி ஆபாசம் பாடவைத்துப் பதிவு செய்கிறவனைக் கோயிலுக்குள் விடலாமா என்று எழுதி, அதை உண்டியலுக்குள் போட்டேன். அவள் பெயரைக் குறிப்பிடவில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் வராது என்று நம்பினேன்.

கமிட்டி தோட்டத்துப் பெண்களைக் கூட்டிவைத்து, ஏமாந்த கிழவி யார் என்று விசாரித்தது. எல்லோரும் குனிந்திருக்க, என் மனைவி எழுந்தாளாம். "நான்தாங்க. ஏமாறல. நல்லா தெரிஞ்சிதான் பாடினேன்." அந்த வருடம் அவள் மாவிளக்கு எடுக்கக் கூடாது என்றார்கள். சவுண்ட் செட் பண்டாரவளையிலிருந்து வேறு ஆள் கொண்டுவந்தான். இருபது வருடம் தன் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து எடுத்த சிநேகிதிதான் எரிச்சலில் பெட்டிசம் போட்டாள் என்று என் மனைவி முடிவு கட்டினாள். பாட்டில் தன்னையும் சேர்க்கச் சொல்லி அந்தச் சிநேகிதி கேட்டிருந்தாளாம். குரல் சரியில்லை என்று மருமகன் விட்டுவிட்டானாம். இருவருக்கும் பேச்சு நின்றது. தேரன்று மனைவி வீட்டிலேயே இருந்தாள். ஊதாச் சேலை அலுமாரிக்குள் போனது.

நான் நினைத்தது நடந்தது. வீடு பழையபடி அமைதியானது. அந்த அமைதியில் மூன்று மாதம் இருந்து பார்த்தேன். ஒருநாள் அவள் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

அவள் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை. "கமிட்டியில அந்தத் தாளப் பாத்தேனே. ஒங்க எழுத்து எனக்குத் தெரியுமே. எப்படித் தெரியாமப் போச்சு?"

"இடது கையால எழுதினேன்."

"ஒன்றரைப் பக்கமா?"

"ஆமா."

"அவ்வளவு கஷ்டப்பட்டு."

அதற்குப் பிறகு பதினொரு நாள் மாத்திரையைக்கூட எடுத்துத் தரவில்லை.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கமிட்டிக்கு முன்னால் நின்று சொன்னேன். தலைவர் என்னிடம் படித்தவர். "நீங்களா மாஸ்டர்?" என்றவர் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் அவள் விளக்கு எடுக்கலாம் என்றார்கள். சிநேகிதியின் லயத்துக்கும் போனேன். அவள் என்னை உட்காரச் சொல்லாமல், நேராக என் மனைவியிடம் போனாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுது, என்னைத் திட்டி, சமாதானமானார்கள்.

கடைசியாக மருமகனிடம் போனேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வயரைச் சுருட்டியபடியே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். அந்தப் பாட்டில் நாலு வரி முடிந்ததும் குரலே இல்லாமல் எட்டு அடி தப்பு மட்டும் ஓடும். அது ஏன் என்று கேட்டேன்.

"அத்தைதான் விடச் சொன்னாங்க மாமா. 'அங்க ஆம்பளை பதில் சொல்லணும், சும்மா வச்சிரு'ன்னாங்க."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். நானே கட்டிய பதில், இந்த முறை வலது கையால் எழுதியது.

மூச்சு வாங்கினாலும் உச்சிக்கு வந்துட்டேன்டி,
பாயைச் சுருட்டிக்கிட்டு எங்கடி போனே?

பதிவு செய்து அந்த இடத்தில் போட முடியுமா என்று கேட்டேன். அவன் வாசித்தான். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இப்ப அந்த எடத்துல சனமே கத்துது. ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒவ்வொரு பதில். அதை அடைச்சா ஆட்டம் படுத்துரும்." தாளைத் திருப்பித் தந்துவிட்டான்.

அவள் மறுபடி சனிக்கிழமைகளில் போகிறாள். இப்போது பொய் சொல்லிவிட்டுப் போவதில்லை. பஸ் நிறுத்தம் வரை அவள் பையை நான் தூக்கிக்கொண்டு போகிறேன். அதற்கு மேல் அழைப்பில்லை.

போன மாதம் கிளினிக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அதே ஓட்டோ. கிழவி யாரென்று இப்போது அவனுக்குத் தெரியும். மரியாதைக்கு அந்தப் பாட்டையே போட்டான். நாலு வரி முடிந்தது. தப்பு தனியாக ஓடத் தொடங்கியது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு என் பதிலைப் பாடினேன், வாய்விட்டே.

ஓட்டோக்காரன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான். அவள் வெளியே தேயிலையைப் பார்த்தபடி இருந்தாள்.

"பிந்திட்டீங்க. மூணு அடி போனதுக்குப் பொறகு ஏறுனீங்க" என்றாள்.

"திரும்பப் போடவா அம்மா?" என்று அவன் கேட்டான்.

அவள் கிளினிக் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இப்ப வேணாம். வரும்போது பார்ப்போம்."

கிளினிக்கில் வரிசை நீளம். வரும்போது அந்த ஓட்டோ இல்லை. பஸ்ஸில் வந்தோம்.